குழந்தைகளோடு சிங்கப்பூர்: டிக்கெட் போடுவதற்கு முன் ஒரு தடவை படித்துவிடுங்கள்

2025 மே மாதம் பிள்ளைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு ஐந்து இரவுகள் சிங்கப்பூர் போய்வந்தோம். பெரியவளுக்கு எட்டு வயது, சின்னவனுக்கு நாலரை. அந்த ஊரில் ஒரு குறையும் இல்லை. புறப்படுவதற்கு முந்தைய இரண்டு மாதமும், போய் இறங்கிய முதல் நாளும்தான் எங்களைப் படுத்திவிட்டன. பாதித் தொல்லை, பெரியவர்கள் இருவர் போகும் பயணம் போலத் திட்டம் போட்டுவிட்டு, பிள்ளைகளைக் கடைசியில் அதற்குள் திணித்ததால் வந்தது. பாஸ்போர்ட், அறை, கார், டிக்கெட் எல்லாவற்றிலும் விதி பிள்ளைகளின் வயதையும் உயரத்தையும் பார்த்துத்தான் மாறுகிறது. எனவே ஒரு தாளில் ஒவ்வொரு பிள்ளையின் பிறந்த தேதி, செருப்பில்லாமல் அளந்த உயரம், பாஸ்போர்ட் முடியும் தேதி மூன்றையும் எழுதிக்கொண்டு மேலே படியுங்கள்.

கீழே டாலர் என்று வருவதெல்லாம் சிங்கப்பூர் டாலர். நாங்கள் போனபோது ஒன்று 66 ரூபாயை ஒட்டி இருந்தது.

1. முதலில் பிள்ளைகளின் பாஸ்போர்ட்

நம் பாஸ்போர்ட் பத்து வருடம் செல்லும். பிள்ளைகளுடையது ஐந்தே வருடம். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் யாரும் நினைவில் வைப்பதில்லை. சிங்கப்பூருக்குள் நுழைய ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்லுபடிக் காலம் இருக்க வேண்டும். சலுகை விலை என்று ராத்திரி பதினோரு மணிக்கு நான்கு டிக்கெட் போட்டு முடித்த பிறகு, பெரியவளின் பாஸ்போர்ட்டைப் பிரித்தால் பயணத் தேதிக்கு அப்புறம் நாலு மாதம்தான் பாக்கி. அன்று இரவு வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை.

புதுப்பிக்க வேண்டுமென்றால் பாஸ்போர்ட் சேவா இணையதளத்தில் விண்ணப்பித்து நேரம் பதிவு செய்துகொண்டு போக வேண்டும். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சாதாரணக் கட்டணம் 1,000 ரூபாய். தட்கல் என்றால் கூடுதலாக 2,000. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். பள்ளி நாளில் விடுப்புக் கடிதம் கொடுக்க மறக்காதீர்கள். பெற்றோர் இருவரும் கையெழுத்திட வேண்டிய 'இணைப்பு டி' என்ற உறுதிமொழிப் படிவத்தை முதல் நாளே நிரப்பி வைத்துவிடுங்கள். நாங்கள் என் கணவரின் கையெழுத்தில்லாமல் போய் நின்று, அவர் அலுவலகத்திலிருந்து ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தார்.

2023 அக்டோபர் 1 அல்லது அதற்குப் பின் பிறந்த குழந்தை என்றால் பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே ஆதாரம், வேறு எதையும் ஏற்க மாட்டார்கள். அந்தச் சான்றிதழில் குழந்தையின் பெயர் ஏறியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். மருத்துவமனையில் பதிந்த கையோடு வாங்கி பீரோவில் வைத்த சான்றிதழில் பெயர்க் கட்டம் காலியாக இருப்பது நம் ஊரில் சகஜம்.

புதுப் பாஸ்போர்ட் கையில் வந்து, எண்ணைப் பார்த்த பிறகு டிக்கெட் போடுங்கள். அதற்கு முன் எவ்வளவு சலுகை வந்தாலும் வேண்டாம்.

2. இனிஷியல் தகராறு

வெளிமாநிலத்துக்காரர்களுக்கு இந்தத் தலைவலியே கிடையாது. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுத வேண்டும். விரித்த அப்பா பெயரைச் சிலர் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போடுகிறார்கள், சிலர் பிள்ளை பெயரோடு சேர்த்து எழுதிவிட்டுக் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விடுகிறார்கள். எங்கள் வீட்டில் பெரியவளுக்கு முதல் வகை, சின்னவனுக்கு இரண்டாம் வகை. ஒரே வயிற்றில் பிறந்த இருவர், காகிதத்தில் வேறு வேறு வீட்டுப் பிள்ளைகள்.

விமான டிக்கெட் தளம் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட அனுமதிக்காது. அங்கே என்ன போடுவது என்பதற்கு ஒவ்வொரு விமான நிறுவனமும் ஒரு வழி வைத்திருக்கிறது. ஒரே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்பவர்களும் உண்டு. ஊகித்து எதையாவது தட்டாமல், பணம் கட்டுவதற்கு முன் அவர்களிடமே கேளுங்கள், பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள். பிறகு திருத்தப் போனால் அதற்குத் தனியாகக் காசு கேட்பார்கள்.

விசா படிவத்திலும், பின்னால் சொல்லப்போகும் வருகை அட்டையிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் நகலைக் கைப்பையில் வைத்திருங்கள். அம்மா அல்லது அப்பா ஒருவர் மட்டும் அழைத்துப் போகிறீர்கள் என்றால், வராதவர் சம்மதம் தெரிவித்து எழுதிய கடிதமும், அவர் பாஸ்போர்ட் நகலும் கூடவே இருக்கட்டும். கேட்காமலும் போகலாம், ஆனால் கேட்கும்போது இல்லையென்றால் வம்பு.

3. விசா

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு சிங்கப்பூர் போக முன்கூட்டியே விசா வேண்டும். போய் இறங்கி வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கைக்குழந்தைக்கும் தனி விசா. நாம் நேரடியாகத் தூதரகத்தில் போய்க் கொடுப்பதில்லை, அங்கீகரிக்கப்பட்ட முகவர் வழியாகத்தான் போகும். முகவரின் பெயர் தூதரகப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

தேவைப்படுபவை: 14ஏ என்ற படிவம் ஒவ்வொருவருக்கும் ஒன்று, பாஸ்போர்ட் நகல், புகைப்படம், போக வர டிக்கெட் விவரம், தங்கும் இடத்தின் முன்பதிவு, பயணத்தை விளக்கி ஒரு கடிதம், வங்கிக் கணக்கு அறிக்கை, வேலைச் சான்று அல்லது வருமான வரி தாக்கல் நகல். பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழும் பள்ளி அடையாள அட்டையும் எங்களிடம் கேட்டு வாங்கினார்கள்.

அரசுக் கட்டணம் ஒருவருக்கு 30 டாலர். விசா மறுக்கப்பட்டாலும் திரும்ப வராது. முகவரின் கட்டணம் அதற்கு மேல். எல்லாம் சேர்த்து எங்களுக்குத் தலைக்கு ஏறத்தாழ 3,000 ரூபாய் ஆனது. பிள்ளைக்கென்று பாதிக் கட்டணமெல்லாம் இல்லை.

புகைப்படத்தில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். 35 மி.மீ. அகலம், 45 மி.மீ. உயரம், வெள்ளைப் பின்னணி. சின்னவனைப் பள்ளியிலிருந்து நேரே ஸ்டுடியோவுக்குக் கூட்டிப் போனேன். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் திரை, நடுவில் தலை மட்டும் தனியாக மிதந்தது. இரண்டாம் தடவை அவன் திரும்பிக்கொண்டே இருந்ததால் நான் பின்னாலிருந்து கழுத்தைப் பிடித்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் காதோரத்தில் என் கட்டைவிரல். மூன்றாம் தடவை நீலச் சட்டை போட்டு, எதிரே அக்காவை நிற்க வைத்து எடுத்தோம், சரியாக வந்தது. அடர் நிறச் சட்டை போட்டுக்கொண்டு போங்கள், ஒரே நாளில் முடிந்துவிடும்.

பயணத் தேதிக்கு முந்தைய முப்பது நாளுக்குள் விண்ணப்பிப்பதே வழக்கம். ரொம்ப முன்னாலும் வேண்டாம், கடைசி வாரத்துக்கும் தள்ளாதீர்கள். மூன்று வாரத்துக்கு முன் கொடுத்தால் ஏதாவது கூடுதல் காகிதம் கேட்டாலும் சமாளிக்கலாம். மின்விசா வந்ததும் பெயர், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி சரிபார்த்து ஆளுக்கொரு அச்சுப் பிரதி எடுத்து வையுங்கள்.

ஒரு விஷயம் பலருக்குக் குழப்பம். விசா எந்தத் தேதி வரை செல்லும் என்பது வேறு, உள்ளே எத்தனை நாள் தங்கலாம் என்பது வேறு. தங்கும் நாளை அங்கே குடிநுழைவில் (இமிகிரேஷன்) முடிவு செய்து மின்னஞ்சலில் அனுப்புவார்கள். முத்திரை குத்துவது இல்லை.

4. டிக்கெட்: எந்த மாதம், எந்த நேரம்

நம் கோடை விடுமுறையில் போவதென்றால் மே மூன்றாம் வாரத்துக்குள் முடித்துவிடுவது நல்லது. ஜூன் மாதம் முழுக்க சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கும் விடுமுறை, எல்லா இடத்திலும் வரிசை. நவம்பர் பின்பாதியிலும் டிசம்பரிலும் அதே கதை, மழையும் சேர்ந்துகொள்ளும்.

சென்னையிலிருந்து நாலு மணி நேரத்தைச் சற்றுத் தாண்டும் பயணம். திருச்சி, கோவையிலிருந்தும் நேரடி விமானம் உண்டு. நிறைய விமானங்கள் நள்ளிரவை ஒட்டிப் புறப்படும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. 'வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்புகிறோம்' என்று நாம் நினைப்பது டிக்கெட்டில் சனிக்கிழமை 00:40 என்று இருக்கும். தேதியை மாற்றிப் புரிந்துகொண்டு மறுநாள் ராத்திரி பெட்டியோடு போய் நின்றவர்களை எனக்குத் தெரியும்.

அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். காலை ஆறு மணிக்கு இறங்குகிறீர்கள் என்றால் பிள்ளைகளின் உடம்புக்கு அது விடியற்காலை மூன்றரை. முடிந்தால் பகல் விமானம் போடுங்கள், நாலாயிரம் ஐயாயிரம் கூட ஆனாலும் சரி. நாங்கள் அதை மிச்சம் பிடிக்கப் போய் ஒரு முழு நாளை இழந்தோம்.

மலிவு விமானங்களில் பெட்டி, இருக்கை, சாப்பாடு எல்லாம் தனித்தனி விலை. பெட்டிக்கான எடையை டிக்கெட்டோடே வாங்கிவிடுங்கள், விமான நிலையத்தில் வாங்கினால் கையைச் சுடும். இரண்டு வயதுக்குள் இருந்தால் மடியில் வைத்துக்கொள்ளலாம். பயணத்தின் நடுவில் இரண்டாம் பிறந்தநாள் வந்துவிட்டால் திரும்பும்போது தனி இருக்கை வாங்க வேண்டியிருக்கும்.

5. அறை: விலையைப் பார்ப்பதற்கு முன் ஜன்னலைப் பாருங்கள்

சிங்கப்பூரில் மலிவான அறைகளில் பல, ஜன்னலே இல்லாதவை. தளத்தில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். நான் அதைப் பார்க்கவில்லை. முதல் இரவு விளக்கை அணைத்ததும் அறை கிணறு மாதிரி இருண்டுவிட்டது, சின்னவன் குளியலறை விளக்கைப் போட்டால்தான் தூங்குவேன் என்று அழுதான். காலையில் மணி என்னவென்றே தெரியவில்லை. பதிவு செய்யும்போது அறையின் பெயரில் ஜன்னல் உண்டு என்று தெளிவாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது, தலைக்கணக்கு. நம் ஊரில் மாதிரி 'பிள்ளைகளை நடுவில் போட்டுக்கொள்கிறோம்' என்பது செல்லாது. இருவருக்கான அறையில் நான்கு பேர் தங்க விட மாட்டார்கள். பிள்ளைகளின் வயதைச் சரியாகக் கொடுத்துத் தேடி, நான்கு பேருக்கான குடும்ப அறையைப் பிடியுங்கள். எங்களுக்கு ஓர் இரவுக்கு 180 டாலர் ஆனது. இந்தப் பயணத்தில் விமானத்துக்கு அடுத்த பெரிய செலவு இதுதான். அறை விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால், சேவைக் கட்டணமும் வரியும் தனி என்று பொருள். உணவகப் பட்டியலிலும் அதே குறி வரும்: 10 சதவீதம் சேவைக் கட்டணம், 9 சதவீதம் வரி.

ஏதோ ஓர் அடுக்குமாடி வீட்டைச் சில நாள் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று யோசிக்காதீர்கள். தனியார் வீடுகளை மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடுவது அங்கே சட்டப்படி குற்றம். இணையத்தில் அப்படி ஏதாவது மலிவாகக் கிடைத்தால் ஒதுங்கிப் போய்விடுங்கள்.

இடம் எது என்றால், என் ஓட்டு லிட்டில் இந்தியாவுக்கு. இட்லி கிடைக்கும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, ரயில் பாதைக்காகச் சொல்கிறேன். லிட்டில் இந்தியா நிலையத்தில் இரண்டு பாதைகள் சந்திக்கின்றன. ஊதா நிற வடகிழக்குப் பாதையில் ஏறினால் மாறாமல் ஹார்பர்ஃபிரண்ட், அங்கிருந்து செந்தோசா தீவு. நீல நிற டவுன்டவுன் பாதையில் ஒரு பக்கம் போனால் மாறாமல் பேஃபிரண்ட், அதாவது கரையோரப் பூந்தோட்டங்கள் (கார்டன்ஸ் பை தி பே). மறுபக்கம் போனால் தாவரவியல் பூங்கா. தூங்கி விழும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ரயில் மாறுவது எவ்வளவு கொடுமை என்று மாறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அறை மதியம் மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். காலையில் இறங்குகிறவர்கள் சீக்கிரம் அறை தர முடியுமா என்று முன்பே எழுதிக் கேளுங்கள். எங்கள் பிள்ளைகள் வரவேற்பறையில் பெட்டியின் மேல் தலை வைத்து மூன்று மணி நேரம் தூங்கினார்கள்.

6. பெட்டிக்குள் போகக் கூடாதவை

கசகசா. இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீட்டுச் சமையலில் அது எங்கே ஒளிந்திருக்கிறது என்று நமக்கே தெரியாது. சிங்கப்பூரில் அது போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கண்ணில் விழும் பொருள். குருமாப் பொடி, சில மசாலாக் கலவைகள் எல்லாவற்றிலும் இருக்கலாம். பிள்ளைகளுக்கு வாய்க்கு ருசியாகச் செய்து கொடு என்று மாமியார் அரைத்துத் தந்த பொடியைப் புறப்படும் அன்று மாலை பெட்டியிலிருந்து எடுத்து வைத்தேன். 'ஒரு ஸ்பூன்தானே போட்டேன்' என்று அவருக்கு இன்னும் வருத்தம்தான்.

சூயிங்கம் கொண்டுபோகக் கூடாது. பிள்ளைகளின் பள்ளிப் பையைக் கைப்பையாக எடுத்துப் போகிறீர்கள் என்றால் பக்கவாட்டுப் பைகளை உதறிப் பாருங்கள். கறி, கோழி ஊறுகாய் வகைகள் வேண்டாம். மின்சிகரெட் அறவே கூடாது. சாதாரண சிகரெட்டுக்கும் வரிச்சலுகை இல்லை, ஒன்று இருந்தாலும் சொல்லி வரி கட்ட வேண்டும்.

மருந்து எடுத்துப் போகலாம், போகத்தான் வேண்டும். காய்ச்சல் மருந்து, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், வாந்திக்கு, ஒவ்வாமைக்கு என்று உங்கள் மருத்துவர் எழுதிக் கொடுத்ததைச் சீட்டோடு வையுங்கள். கோடீன் கலந்த இருமல் மருந்து, தூக்க மாத்திரை போன்றவற்றுக்கு முன் அனுமதி வேண்டும். பயணக் காப்பீடும் எடுத்துவிடுங்கள், அங்கே ஒரு தடவை மருத்துவமனை வாசல் மிதித்தால் ஆகும் பணத்துக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

அங்குள்ள மின்செருகி சதுர முனை மூன்று உள்ளது. நம் உருண்டை முனை நுழையாது. மாற்றுச் செருகி இரண்டு, ஊரிலேயே வாங்குங்கள்.

7. புறப்படுவதற்கு மூன்று நாள் முன்னால்

சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள்தான் முடியும். கைக்குழந்தை உட்பட எல்லோருக்கும் வேண்டும், குடும்பமாக ஒரே தடவையில் நிரப்பலாம். இதற்குக் கட்டணம் கிடையாது. தேடுபொறியில் முதலில் வரும் சில தளங்கள் அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டி அட்டை எண்ணைக் கேட்கும். பணம் கேட்டாலே அது போலி என்று மூடிவிடுங்கள். குடிநுழைவு ஆணையத்தின் தளம் அல்லது அவர்களுடைய செயலி மட்டும் போதும்.

அதே நாளில் வங்கிச் செயலியைத் திறந்து, உங்கள் அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடும், தட்டிச் செலுத்தும் வசதியும் இயங்குகின்றனவா என்று பாருங்கள். நம் வங்கி அட்டைகளில் நாமாக இயக்கினால்தான் இவை வேலை செய்யும். ரயில் நிலையக் கதவில் நின்றுகொண்டு, பின்னால் பத்துப் பேர் காத்திருக்க, ஓடிபி வராத கைபேசியை முறைத்துக்கொண்டு நிற்கும் அனுபவம் உங்களுக்கு வேண்டாம்.

8. ஊருக்குள் போய்வருவது

ரயிலிலும் பேருந்திலும் வங்கி அட்டையைத் தட்டியே போகலாம். வெளிநாட்டு அட்டை என்றால் பயன்படுத்தும் நாளுக்கு 60 சென்ட் கூடுதல் கட்டணம். ஓர் அட்டையில் ஒருவர்தான் போக முடியும். ஆகவே பெரியவர்கள் இருவருக்கும் இரண்டு தனி அட்டைகள்.

பிள்ளைகளுக்கு: 0.9 மீட்டர் உயரத்துக்குள் இருந்தால் இலவசம், அட்டை எதுவும் தேவையில்லை. அதற்கு மேல் உயரம், ஆனால் ஏழு வயது ஆகவில்லை என்றால் குழந்தைச் சலுகை அட்டை வாங்கினால் இலவசம். சில ரயில் நிலையங்களில் உள்ள டிக்கெட் அலுவலகத்தில் பிள்ளையின் பாஸ்போர்ட்டைக் காட்டி வாங்கலாம். ஏழு முடிந்த பிள்ளைக்கு, வெளியூரார் என்றால் பெரியவர் கட்டணமே. எங்கள் பெரியவளுக்கு ரயில் அட்டை ஒன்று தனியாக வாங்கினோம். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தானே தட்டிப் போனதில் அவளுக்கு இருந்த பெருமை, பின்னால் பார்த்த எந்த இடத்திலும் வரவில்லை.

ரயிலுக்குள் சாப்பிடவும் குடிக்கவும் கூடாது. தண்ணீருக்கும் இதே விதி. அபராதம் 500 டாலர் வரை போகும். ஏறுவதற்கு முன்பே பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுத்துவிடுங்கள். தள்ளுவண்டியை மடிக்காமலே ரயிலிலும் பேருந்திலும் ஏற்றலாம். நாலு வயதுப் பிள்ளைக்குத் தள்ளுவண்டியா என்று ஊரில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நாங்கள் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு, பதிமூன்று கிலோமீட்டர் நடந்தோம்.

இனி கார். இது தெரியாமல் முதல் நாள் காலையில் விமான நிலைய வாசலில் அரை மணி நேரம் போனது. 1.35 மீட்டருக்குக் குறைவான பிள்ளைகளுக்கு அங்கே காரில் குழந்தை இருக்கை கட்டாயம். கிராப் போன்ற செயலிகளில் வரும் தனியார் கார்களுக்கும் இது பொருந்தும். நான் பதிவு செய்த ஓட்டுநர் பிள்ளைகளைப் பார்த்ததுமே கையை அசைத்து மறுத்துவிட்டுப் போனார். அவரைக் குறை சொல்ல முடியாது, அபராதம் அவருக்குத்தான். செயலியில் குழந்தை இருக்கையோடு வரும் குடும்ப வகையைத் தேர்ந்தெடுக்கலாம், விலை கூடுதல். எளிய வழி, வாடகை டாக்ஸி. மேலே விளக்கு வைத்த டாக்ஸிகளுக்கு இந்த விதியிலிருந்து விலக்கு உண்டு. வரிசையில் நின்று ஏறிக்கொள்ளலாம். நள்ளிரவு முதல் காலை ஆறு வரை மீட்டருக்கு மேல் பாதி கூடுதல் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

9. எதற்குக் காசு, எது இலவசம்

ஐந்து நாளில் கட்டண இடம் மூன்றுக்கு மேல் போடாதீர்கள். நாங்கள் ஐந்து போட்டு, ஒன்றை வீணாக்கினோம்.

நேர வித்தியாசத்தை உங்கள் பக்கம் திருப்பிக்கொள்ளலாம். நம் பிள்ளைகள் அங்கே காலை ஒன்பதுக்கு முன் எழுந்திருக்க மாட்டார்கள், ராத்திரி பதினொன்றுக்கும் துள்ளுவார்கள். அதனால் காலையை விட்டுவிட்டு மாலையை நிரப்புங்கள். மண்டாயில் உள்ள இரவு விலங்குப் பூங்கா (நைட் சஃபாரி) இரவு 7.15 மணிக்குத் திறக்கிறது, அது நம் ஊர்க் கணக்கில் மாலை நாலே முக்கால்தான். நுழையும் நேரத்தை முன்பே தேர்ந்தெடுத்து டிக்கெட் வாங்க வேண்டும். முதல் நேரத்தை எடுங்கள். அங்கே போகச் சிவப்புப் பாதையில் காத்திப் நிலையம், அங்கிருந்து பூங்காவின் சிற்றுந்து. பகலில் மிருகக்காட்சிசாலை, இரவில் இது என்று ஒரே நாளில் இரண்டையும் சேர்த்துவிடலாம் என்று தோன்றும். பத்து வயதுக்கு மேல் என்றால் சரி. சின்னவர்களுக்கு வேண்டாம்.

மண்டாய் பூங்காக்களில் 3 முதல் 12 வயது வரை சிறுவர் டிக்கெட், மூன்றுக்குள் இலவசம். யூனிவர்சல் ஸ்டுடியோஸில் நான்கிலிருந்து சிறுவர் டிக்கெட், பெரியவருக்கு 80 டாலருக்கு மேல். பணம் கட்டுவதற்கு முன் உயரப் பட்டியலைப் பாருங்கள். 102 செ.மீ., 122 செ.மீ., 125 செ.மீ. என்று ஒவ்வொரு சவாரிக்கும் ஒரு கோடு உண்டு. வீட்டுச் சுவரில் அளந்தபோது சின்னவன் சரியாக 102. செருப்போடு அளந்திருக்கிறோம். அங்கே கோட்டுக்குக் கீழே நுனிக்காலில் நின்று பார்த்தான், ஊழியர் சிரித்துக்கொண்டே குதிகாலைக் காட்டினார். அக்கா மட்டும் உள்ளே போக, மிச்ச நேரம் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இலவசமாகக் கிடைப்பதில் பிள்ளைகளுக்கு இதைவிட மகிழ்ச்சி. கரையோரப் பூந்தோட்டங்களின் வெளித்தோட்டம் முழுக்க இலவசம். அங்குள்ள செயற்கைப் பெருமரங்களின் ஒளி நிகழ்ச்சி இரவு 7.45க்கும் 8.45க்கும், தரையில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டு பார்க்க வேண்டியது. அங்கே சிறுவர் தோட்டமும் தண்ணீர் விளையாட்டு இடமும் உண்டு. தாவரவியல் பூங்காவிலும் ஜேக்கப் பாலாஸ் சிறுவர் தோட்டம் இருக்கிறது. இந்த இரண்டு சிறுவர் தோட்டங்களுக்கும் திங்கட்கிழமை போகாதீர்கள், மூடியிருக்கும். மாற்றுத்துணி ஒரு செட் எப்போதும் பையில் இருக்கட்டும்.

செந்தோசாவுக்கு ரயிலில் போனால் ஆளுக்கு 4 டாலர். நடைபாலத்தில் நடந்தால் ஒன்றுமில்லை. உள்ளே பேருந்தும் கடற்கரை டிராமும் இலவசம். மணலும் கடலும் இலவசம். வாளியும் மண்வெட்டியும் ஊரிலிருந்தே கொண்டுபோங்கள்.

மதியம் இரண்டு மூன்று மணிக்கு வானம் திறந்துகொண்டு கொட்டும், ஒரு மணி நேரத்தில் நிற்கும். அந்த நேரத்தில் அறைக்குத் திரும்பித் தூங்கினோம். மூன்றாம் நாளில்தான் இந்த ஞானம் வந்தது.

10. சாப்பாடு

லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையிலும் சுற்றியுள்ள தெருக்களிலும் இட்லி, தோசை, தயிர்சாதம் கிடைக்கும், பிள்ளைகள் பட்டினி கிடக்க மாட்டார்கள். உணவங்காடிக் கடையில் ஒரு தட்டு ஐந்து முதல் எட்டு டாலர். குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம், போத்தல் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள்.

சைவக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. காய் மட்டும் என்று கேட்டு வாங்கும் தட்டில் கூட இறால் விழுதோ சிப்பிச் சாறோ இருக்கலாம். 'இறைச்சி இல்லையே' என்று அவர்கள் சொல்வது அவர்கள் கணக்கில் சரிதான். சைவ உணவகம் என்று பெயர்ப்பலகை போட்ட கடைக்கே போங்கள்.

காலி மேசையில் கைத்துடைப்புத் தாள் பொட்டலம் கிடந்தால் யாரோ இடம் பிடித்திருக்கிறார்கள் என்று பொருள், எடுத்து மூக்கைத் துடைத்துவிடாதீர்கள். சாப்பிட்ட தட்டை எடுத்துப்போய் அதற்கான இடத்தில் வைப்பது கட்டாயம், வைக்காவிட்டால் அபராதம் உண்டு. பெரிய உணவகத்தில் கேட்காமலே மேசைக்கு வரும் ஈரத்துண்டுக்கும் வேர்க்கடலைக்கும் பில் வரும். வேண்டாமென்றால் முதலிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

11. கடைசி நாள்

ஒரே கடையில் 100 டாலருக்குக் குறையாமல் வாங்கியிருந்தால் 9 சதவீத வரியில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். வாங்கும்போதே பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதியச் சொல்லுங்கள். விமான நிலையத்தில் அதற்கான இயந்திரம் இருக்கிறது. பொருள் பெரிய பெட்டிக்குள் போகிறது என்றால், பெட்டியை ஒப்படைப்பதற்கு முன்பே இயந்திரத்துக்குப் போக வேண்டும். பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போய், பொருளைக் காட்டச் சொன்னால் காட்ட முடியாது.

விமானத்துக்கு ஐந்து மணி நேரம் முன்பே சாங்கி விமான நிலையத்துக்குப் போய்விடுங்கள். முதல் முனையத்தை ஒட்டிய ஜுவல் வளாகத்தில் 40 மீட்டர் உயரத்திலிருந்து கொட்டும் அருவி இருக்கிறது, பார்க்கக் காசில்லை. பெட்டியை முன்கூட்டியே ஒப்படைக்க உங்கள் விமான நிறுவனம் அனுமதிக்கிறதா என்று கேட்டுக்கொண்டால் கை வீசிக்கொண்டு சுற்றலாம். திரும்பி வருகிற வழியில் பிள்ளைகளின் ரயில் அட்டைகளை எடுத்துப் பாஸ்போர்ட் உறையில் வையுங்கள். நாங்கள் பெரியவளுடையதை விமான இருக்கைப் பையிலேயே விட்டுவிட்டு வந்தோம், அதில் இன்னும் ஆறு டாலர் இருந்தது.